நினைப்பும் நிலைமையும்

(நாவலப்பிட்டியில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உளவியலும் மெய்யியலும் அன்றாட வாழ்க்கைக்கு என்ன தரும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேச வேண்டிய விஷயம், நாவலப்பிட்டியில் எதற்கு என்று உங்களில் சிலர் நினைத்திருக்கலாம். அவர்களுக்கு இந்த ஊரின் வரலாற்றிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. 1948இல் ‘ஆத்மஜோதி’ என்ற ஆன்மிக மாத இதழ் தொடங்கியது. க. இராமச்சந்திரனும் நா. முத்தையாவும் அதை நடத்தினார்கள். நாவலப்பிட்டி முகவரியோடு அது பல ஆண்டுகள் வெளிவந்தது. 1874இல் ரயில் வந்த பிறகு தேயிலைக்கும் சந்தைக்கும் பேர்போன ஊர் இது. இங்கே இருந்துகொண்டு, மனத்தை எப்படி ஆள்வது, துன்பத்தை எப்படித் தாங்குவது, நல்ல வாழ்வு எது என்று மாதந்தோறும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே நான் புதுக் கேள்வி எதையும் கொண்டுவரவில்லை. அந்தப் பழைய கேள்விகளுக்கு அண்மைக்கால ஆய்வுகள் என்ன சேர்த்திருக்கின்றன, எதைச் சேர்க்கத் தவறியிருக்கின்றன என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

ஒரு நினைப்பு எப்படி உண்டாகிறது, எப்படி வளர்கிறது, அதைச் சோதித்துப் பார்க்க வழி உண்டா என்று உளவியல் ஆராய்கிறது. அந்த நினைப்பு எந்த அளவுகோலை வைத்து நம்மை அளக்கிறது, அந்த அளவுகோல் நியாயமானதா என்று மெய்யியல் கேட்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் மூன்றாவதாக ஒரு கேள்வி எழும்: மாற வேண்டியது என் நினைப்பா, என் நிலைமையா? நம் மலையகத்தில் இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்காத மனநலப் பேச்சு பாதிப் பேச்சுத்தான். இன்று நான் சொல்லப்போவது எல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

‘யோசிக்காதீங்க’ என்ற மருந்து

மகள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை தவறாமல் பேசுபவள் இந்த வெள்ளி பேசவில்லை. தாய்க்கு இரவெல்லாம் தூக்கம் இல்லை. விபத்து நடந்திருக்குமோ, அடித்திருப்பார்களோ, அடைத்து வைத்திருப்பார்களோ என்று ஒன்றன்பின் ஒன்றாகக் காட்சிகள் ஓடுகின்றன. விடிந்ததும் பக்கத்துக் காம்பிராக்காரர் வந்து சொல்கிறார்: “அக்கா, யோசிக்காதீங்க.” அன்போடு சொன்னதுதான். ஆனால் அன்று பகலில் அந்தத் தாய் முன்னைவிட அதிகமாகத்தான் யோசிப்பார். ஏன்?

1987இல் டானியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். ஒரு நிபந்தனை மட்டும்: வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது. நினைவு வந்தால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு இனி நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலில் அடக்கி வைத்திருந்தவர்களுக்கு அந்த நினைப்பு மற்றவர்களைவிட அதிகமாக வந்தது. ஒரு நினைப்பு வரக் கூடாது என்று காவல் காப்பதற்கே அதை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அடக்குவது தோற்பதற்கு அதுவே காரணம் என்று அவர் விளக்கினார்.

நம்மில் பலர் வெளியே சொல்லாத இன்னொரு வேதனையும் இருக்கிறது. சாமி கும்பிடும்போது கெட்ட வார்த்தை மனத்தில் வருகிறது. கைக்குழந்தையைத் தூக்கும்போது கீழே போட்டுவிடுவேனோ என்று ஒரு கணம் நெஞ்சு பதறுகிறது. ‘இப்படி நினைக்கிற நான் எவ்வளவு கெட்டவள்’ என்று ஒரு தாய் தனக்குள்ளேயே குமைகிறாள். 1978இல் ஸ்டான்லி ரக்மனும் இலங்கையரான பத்மல் டி சில்வாவும் லண்டனில் ஓர் ஆய்வு செய்தார்கள். எண்ணச் சுழற்சி நோயால் அவதிப்படுபவர்களுக்கு வரும் விபரீத நினைப்புகளையும், எந்த நோயும் இல்லாதவர்களுக்கு வரும் நினைப்புகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். உள்ளடக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. சுகமாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கும் அதே மாதிரி நினைப்புகள் வந்து போகின்றன. வித்தியாசம் எதில் இருந்தது என்றால், எத்தனை தடவை வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது, எவ்வளவு பதறவைக்கிறது, விரட்டுவது எவ்வளவு கடினம் என்பதில்தான். நினைப்பு வந்தது என்பதற்காக யாரும் குற்றவாளி ஆகிவிடுவதில்லை. இந்த ஒரு செய்தியை இங்கிருந்து நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனாலே இந்தக் கூட்டத்துக்குப் பயன் உண்டு.

அதே பத்மல் டி சில்வா பிறகு ஒரு சுவாரசியமான வேலை செய்தார். வேண்டாத நினைப்புகளைக் கையாள நவீன நடத்தைச் சிகிச்சை கற்பிக்கும் முறைகளையும், பழைய பௌத்த நூல்கள் சொல்லும் முறைகளையும் ஒப்பிட்டார். அந்த நூல்களில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆம் சூத்திரம் ஐந்து வழிகளை வரிசைப்படுத்துகிறது. முதலில், வேறொரு நல்ல பொருளில் மனத்தைச் செலுத்துவது. தச்சன் சின்ன ஆப்பை அடித்துப் பெரிய ஆப்பைக் கழற்றுவதை அதற்கு உவமையாகச் சொல்கிறது. அது பலிக்காவிட்டால், இந்த நினைப்பால் என்ன கெடுதல் விளைகிறது என்று ஆராய்வது. அதற்கும் அடங்காவிட்டால், கவனம் கொடுக்காமல் விடுவது. அதன் பிறகு, நினைப்பை ஓட்டும் வேகத்தைப் படிப்படியாகக் குறைப்பது. பல்லைக் கடித்து மனத்தை மனத்தால் அடக்குவது கடைசி வழியாகத்தான் வருகிறது. அடக்குதலை அந்த வரிசையின் கடைசியில் வைத்தவர்களுக்கு மனத்தின் போக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நாமோ அதை முதல் மருந்தாகக் கொடுக்கிறோம்.

அப்படியானால் அந்தத் தாய்க்கு என்ன சொல்லலாம்? 1983இல் தாமஸ் போர்கோவெக்கும் அவரது குழுவினரும் எளிய முறை ஒன்றைச் சோதித்தார்கள். கவலைப்படுவதற்கென்று நாளில் ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் ஒதுக்கச் சொன்னார்கள். அரை மணி நேரம். மற்ற வேளையில் கவலை வந்தால் அதைத் துரத்தாமல், அந்த நேரத்துக்குத் தள்ளிப்போட வேண்டும். நேரம் வந்ததும் உட்கார்ந்து முழுமனத்தோடு கவலைப்பட்டு, செய்யக்கூடியது ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். இதைச் செய்தவர்களுக்குக் கவலைப்படும் நேரம் குறைந்தது. பேசாத மகளைப் பற்றிக் கவலைப்படும் அந்த அரை மணி நேரத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. முகவர் நிலையத்தின் எண்ணைத் தேடலாம், உடன் போன பெண்ணின் வீட்டில் விசாரிக்கலாம், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறையிடலாம். அவர் பயப்படுவது காரணம் இல்லாத பயம் என்று நாம் முடிவு கட்டிவிடவும் கூடாது. சில வீடுகளில் அந்தப் பயம் உண்மையாகியிருக்கிறது.

வெட்டுப்புள்ளியும் பிள்ளையும்

இரண்டாவது விஷயம் இங்கே உள்ள ஒவ்வொரு பெற்றோரையும் தொடும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. முடிவு வரும் நாளில் ஒரு வீட்டில் பாற்சோறு, பக்கத்து வீட்டில் அழுகை. பத்து வயதுப் பிள்ளை ஒன்று வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைவாக எடுத்துவிட்டு, ‘எனக்குப் படிப்பு வராது’ என்று சொல்கிறது. அந்த ஒரு வாக்கியம் எப்படி உருவானது என்று பாருங்கள். நடந்தது, ஒரு நாளில் இரண்டு வினாத்தாள். அதிலிருந்து ‘நான் தோற்றேன்’ என்று தாவியது. அதிலிருந்து ‘எப்போதும் தோற்பேன்’ என்று தாவியது. அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் ஆரன் பெக் என்ற உளமருத்துவர் 1960களில், மனச்சோர்வால் வாடும் நோயாளிகளிடம் இதே தாவலைக் கண்டார். ஒரு சம்பவத்தை வைத்து முழு வாழ்க்கைக்கும் தீர்ப்பு எழுதுகிறார்கள். நல்லது நடந்தால் அது கணக்கில் வராது. இந்த நினைப்புகளைத் தாளில் எழுதி, ஆதரவான சான்று எது, எதிரான சான்று எது என்று நோயாளியோடு சேர்ந்து சோதிக்கும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். இன்று உலகம் முழுவதும் பயன்படும் அறிகைச் சிகிச்சை அதிலிருந்து வந்தது.

பிள்ளையின் மனத்தில் அந்தத் தாவலை ஏற்படுத்துவதில் நம் பாராட்டுக்கும் பங்கு உண்டு. 1998இல் கிளோடியா முல்லர், கரோல் ட்வெக் இருவரும் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். எளிய புதிர்களைச் செய்து முடித்ததும் சிலரிடம் ‘நீ கெட்டிக்காரன்’ என்றும், வேறு சிலரிடம் ‘நீ நன்றாக முயன்றாய்’ என்றும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர்களைக் கொடுத்தார்கள், எல்லோரும் திணறினார்கள். மூன்றாவதாக மீண்டும் எளிய புதிர்கள். கெட்டிக்காரன் என்று பாராட்டப்பட்டவர்கள் முதல் தடவையைவிடக் குறைவாகச் செய்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். தம் புள்ளியை இன்னொருவருக்கு எழுதும்போது கூட்டிச் சொன்னவர்களும் முதல் கூட்டத்தில்தான் அதிகம் இருந்தார்கள். பின்னாளில் இந்தக் கருத்தைப் பாடசாலைகளில் பெரிய அளவில் பயன்படுத்தியபோது பலன் முதலில் எதிர்பார்த்த அளவு பெரிதாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாராட்டும் விதத்தை மாற்றினால் மட்டும் பரீட்சை முடிவு மாறிவிடாது. ஆனால் தோல்வி வந்தால் பிள்ளை ஒளிந்துகொள்ளாமல் நம்மிடம் வருவதற்கு அது உதவும்.

உளவியல் இங்கே நிறுத்திக்கொள்ளும். மெய்யியல் நிறுத்தாது. இந்தப் பரீட்சை எதை அளக்கிறது என்று அது கேட்கும். உதவித் தொகைக்கும் பிரபல பாடசாலைகளின் ஆறாம் ஆண்டு வகுப்புக்கும் பிள்ளைகளைத் தெரிவுசெய்வதே இதன் வேலை. வெட்டுப்புள்ளி பாடசாலைக்குப் பாடசாலை மாறுகிறது, மொழிமூலத்துக்கு மொழிமூலம் மாறுகிறது. இடங்கள் எத்தனை, கேட்டு வருபவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே அந்த எண் அமைகிறது. கண்டியின் பெயர்பெற்ற பாடசாலைகளில் இடங்கள் இரட்டிப்பானால் நேற்றுத் ‘தோற்ற’ பிள்ளை நாளை ‘சித்தியடைவான்’. பிள்ளையின் மூளையில் ஒரு மாற்றமும் நடந்திருக்காது. இருக்கையின் பற்றாக்குறையைப் பிள்ளையின் குறை என்று நாம் வாசித்துவிட்டோம். ஆகவே பிள்ளையின் நினைப்பைச் சரிசெய்வது ஒரு வேலை. எல்லாப் பாடசாலையும் நல்ல பாடசாலையாக வேண்டும் என்று கேட்பது இன்னொரு வேலை. ஒன்றைச் செய்ததால் மற்றதிலிருந்து நாம் விடுபட முடியாது.

வறுமை மனத்துக்குள் செய்வது என்ன?

மூன்றாவதாக, நம்மைப் பற்றி மற்றவர்கள் சொல்வதும், சில நேரம் நாமே சொல்லிக்கொள்வதுமான ஒரு வாசகத்தை எடுத்துக்கொள்வோம். ‘தோட்டத்து சனத்துக்குச் சேமிக்கத் தெரியாது, திட்டமிடத் தெரியாது.’ லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977இல் ஒரு பொதுவான பிழையைச் சுட்டிக்காட்டினார். பிறர் செய்யும் காரியத்துக்கு அவர்களின் குணத்தைக் காரணமாகச் சொல்கிறோம். அவர்கள் நிற்கும் சூழ்நிலையைக் காண மறந்துவிடுகிறோம். நம் காரியம் என்று வந்தால் மட்டும் சூழ்நிலை பளிச்சென்று தெரிகிறது.

சூழ்நிலை மனத்துக்குள்ளேயே புகுந்து வேலை செய்யும் என்பதைக் காட்டிய ஆய்வு ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேர். கரும்புக்குப் பணம் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும். அறுவடைக்கு முன் கை வறண்டிருக்கும், நகை அடகில் இருக்கும். அறுவடைக்குப் பின் நிம்மதி. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் சாவோ ஆகிய நால்வரும் அதே விவசாயிகளை இரண்டு காலத்திலும் சிந்தனைப் புதிர்களைச் செய்யவைத்தார்கள். அறுவடைக்கு முன் அதே மனிதர்கள் குறைவாகச் செய்தார்கள். பின்னர் கூடுதலாகச் செய்தார்கள். 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் இது வெளிவந்தது. அதன் புள்ளியியல் பற்றி விவாதம் நடந்தது உண்மை. ஆனாலும் அது சுட்டும் கருத்து முக்கியமானது. ஒரே ஆள், ஒரே மூளை. கையில் காசு இல்லாத மாதத்தில் அவரது கவனத்தின் பெரும்பகுதியைக் கடன் பிடித்து வைத்திருக்கிறது. மீதி இருப்பதை வைத்துத்தான் அவர் பிள்ளையின் வீட்டுப்பாடத்தையும், வைத்தியரின் மருந்துச் சீட்டையும், தோட்டத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இனி நம் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். முழு நாளும் மழையிலும் அட்டையிலும் மலையில் நின்றுவிட்டு, புத்தகத்தில் அரைப் பேர் என்று பதிவாகும்போது, சம்பளம் குறைவது ஒரு கஷ்டம். ‘நான் பாதிதான் வேலை செய்தேன்’ என்று மற்றவர் முன்னால் ஆவது வேறு கஷ்டம். அந்த இரண்டாவது கஷ்டம் எந்தச் சம்பளச் சீட்டிலும் வராது. நம் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு உணர்ச்சிகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் நான்கு நான்கு காரணங்களை வகுத்தார். அழுகைக்கு அவர் சொன்ன நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது, இருந்ததை இழப்பது, பழைய நிலையிலிருந்து தாழ்வது, கையில் ஒன்றும் இல்லாதிருப்பது. அவமானத்தையும் வறுமையையும் அழுகையின் தனித்தனிக் காரணங்களாக அவர் எண்ணியிருக்கிறார். அரைப் பேர் விழுந்த நாளில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து வருகின்றன. வீட்டுக்கு வந்து காரணமில்லாமல் பிள்ளையை அடிக்கும் கைக்குப் பின்னால் எது இருக்கிறது என்று அந்தக் கைக்கு உரியவரே ஒரு கணம் நின்று பார்க்க முடிந்தால், அடி குறையும். அடிப்பது நியாயம் என்று நான் சொல்லவில்லை. காரணம் தெரிந்தால்தான் கை நிற்கும் என்கிறேன்.

இதற்கு மறுபுறமும் உண்டு. லயத்துக் காம்பிராவில் நாலு தலைமுறை வாழ்ந்த ஒருவரிடம் ‘சந்தோஷமாக இருக்கிறீர்களா’ என்று கேட்டால், ‘எங்களுக்கு இது போதுங்க’ என்று சொல்லலாம். ஆய்வாளர் அதைத் திருப்தி என்று படிவத்தில் குறித்துக்கொண்டு போய்விடுவார். பொருளியல் அறிஞரும் மெய்யியலாளருமான அமர்த்தியா சென் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறார். நீண்ட காலம் கிடைக்காமலே வாழ்ந்தவர்கள் தம் ஆசைகளையும் கிடைக்கும் அளவுக்குச் சுருக்கிக்கொள்வார்கள். அவர்கள் குறை சொல்லாததை வைத்து, குறை இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. ஆசையைக் குறைத்தால் துன்பம் குறையும் என்று நம் சமயங்கள் சொல்கின்றன. அது தானாக முன்வந்து குறைத்தவருக்குப் பொருந்தும். ஆசைப்படவே இடம் கொடுக்கப்படாதவருக்கு அதே உபதேசத்தைச் சொல்வது முறையல்ல. வள்ளுவர் இடுக்கணழியாமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். கொடுங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வைத்தார். முதலாவதை மட்டும் நமக்குப் போதிப்பவர்களிடம் இரண்டாவதைப் படித்தீர்களா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

நம் கையில் உள்ளதும் இல்லாததும்

பழைய கிரேக்க, ரோம மெய்யியலில் ஸ்தோயிக்கர் என்ற பிரிவைச் சேர்ந்த எபிக்டெட்டஸ் என்று ஒருவர் இருந்தார். அடிமையாக வாழ்ந்து பின் விடுதலை பெற்று ஆசிரியரானவர். சம்பவங்கள் நம்மைக் கலக்குவதில்லை, அவற்றைப் பற்றி நாம் கொள்ளும் கருத்துகளே கலக்குகின்றன என்பது அவருடைய போதனையின் சாரம். நம் கையில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்து, உள்ளதில் மட்டும் மனத்தைச் செலுத்தச் சொன்னார். பெக்கும் அவரது சமகாலத்தவரான ஆல்பர்ட் எல்லிஸும் தம் சிகிச்சை முறைகளின் வேரை இந்த ஸ்தோயிக்கரிடம் கண்டார்கள். அடிமையாக இருந்த ஒருவர் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளச் சொன்ன சொல்லுக்கு வீரம் உண்டு. அதே சொல்லை எஜமான் அடிமைக்குச் சொன்னால் அது வேறு காரியம். யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் இந்தத் தத்துவத்தை எடுத்தாள வேண்டும்.

நம் கையில் உள்ளது எது என்ற கேள்வி மலையகத்தில் எப்படி வருகிறது என்று பாருங்கள். 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில் கொஸ்லாந்தை மீரியாபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ‘எச்சரித்தும் ஏன் போகவில்லை’ என்று அப்போது பலர் கேட்டார்கள். உளவியலில் பதில் உண்டு. இதுவரை நடக்காதது இனியும் நடக்காது என்று மனம் நம்ப விரும்பும். பழகிய ஆபத்து ஆபத்தாகவே தெரியாது. இது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. போவதென்றால் எங்கே போவது? காணி யார் பெயரில்? வீடு யார் கட்டித் தருவது? வேறிடம் போனால் வேலை உண்டா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத இடத்தில், இருந்த இடத்திலேயே இருப்பது சிந்தனைப் பிழை ஆகாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை உலுக்கியபோது அதே கேள்விகள் மீண்டும் நம் முன் வந்து நின்றன. அதற்குப் பிறகு மழை இரைந்தால் தூக்கம் கலைகிறது என்று சொல்லும் பிள்ளைக்கு, மூச்சை நிதானமாக விடச் சொல்லிக்கொடுங்கள், அணைத்துப் பேசுங்கள், அவசியம்தான். பாதுகாப்பான இடத்தில் ஒரு வீடு கிடைத்தால் அந்தப் பிள்ளையின் பயம் தானாகவே பாதி குறையும்.

ஆகவே எபிக்டெட்டஸின் பிரிவினையில் ஒரு திருத்தம் செய்ய விரும்புகிறேன். என் கையில் உள்ளது, என் கையில் இல்லாதது என்ற இரண்டோடு மூன்றாவது ஒன்றும் இருக்கிறது: என் ஒருவர் கையில் இல்லாதது, நம் எல்லோர் கையிலும் சேர்ந்து இருப்பது. சம்பளம், காணி, பாடசாலை, வைத்தியசாலை எல்லாம் இந்த மூன்றாவது வகை. இவற்றை ‘என் கையில் இல்லை’ என்ற பெட்டியில் போட்டு மூடிவைத்தால் கிடைக்கும் மனநிம்மதி, நமக்கு நாமே செய்துகொள்ளும் கெடுதல்.

துக்கம், நோய், நெருக்கடி

இனி ஒரு கடினமான விஷயம். பேராதனையில் கற்பித்துப் பின் பிரின்ஸ்டன் சென்ற மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர, 1985இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் ஒரு கேள்வி எழுப்பினார். வாழ்க்கை துன்பமயம், ஆசைகள் வீண், எதுவும் நிலைக்காது என்று ஒருவர் சொன்னால் மேற்கத்திய மருத்துவர் அதை மனச்சோர்வின் அறிகுறி என்று எழுதக்கூடும். இலங்கையில் அதைச் சொல்பவர் நல்ல பௌத்தராக இருக்கலாம். அந்தத் துயரத்தை நம் பண்பாடு வழிபாடாகவும் தியானமாகவும் மாற்றிக்கொள்ளும் வழிகளை வைத்திருக்கிறது. நம் தோட்டங்களில் மாசி மாதத்தில் நடக்கும் காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணவன் காமனை இழந்த ரதி புலம்பும்போது கூடியிருப்பவர்களும் அழுகிறார்கள். சொந்தத் துக்கத்துக்கு வாய்விட்டு அழ நேரமில்லாதவர்கள் அங்கே சபையில் அழ முடிகிறது. எல்லாத் துக்கத்தையும் நோய் என்று முத்திரை குத்த வேண்டியதில்லை.

ஆனால் இதைச் சாக்காக வைத்து நோயைத் துக்கம் என்று சொல்லி மறைக்கவும் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுவதும் மனம் இறுகியிருக்கிறது, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, முன்பு பிடித்த எதிலும் விருப்பமில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் அது வைத்தியரிடம் போக வேண்டிய விஷயம். நம்மவர்கள் பலர் ‘மனசு சரியில்லை’ என்று சொல்ல மாட்டார்கள். கை கால் உளைவு, நெஞ்செரிவு, தலைப்பாரம் என்றுதான் சொல்வார்கள். வீட்டில் இருப்பவர்கள் அதைக் கேட்கப் பழக வேண்டும்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த நாட்டில் 1995இல் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. அதன் பிறகு அரசு கடும் நச்சுள்ள பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்தது. விகிதம் அடுத்த இருபது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குறைந்தது. அந்த ஆண்டுகளில் இலங்கையரின் துன்பம் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடவில்லை. போரும் வறுமையும் இருந்தன. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். இதிலிருந்து தெரிவது என்ன? உயிரை விட்டுவிட வேண்டும் என்ற உந்துதல் பெரும்பாலும் உச்சத்துக்கு ஏறி, நேரம் கிடைத்தால் இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தைக் கடத்திவிட ஒரு சட்டம் உதவியது. ஓர் ஆள் பக்கத்தில் இருப்பதும் உதவும். அப்படி ஒரு எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்கலாம், கேட்க வேண்டும். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். இந்த நான்கு இலக்கங்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

முடிவாகச் சில வேண்டுகோள்கள். பெற்றோரே, உங்கள் பிள்ளை உயர்தரத்தில் அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடத்தை எடுத்தால் ‘லேசான பாடம்’ என்று ஏளனம் செய்யாதீர்கள். ஒரு முடிவுக்கு என்ன சான்று, அந்தச் சான்றிலிருந்து அந்த முடிவு வருமா என்று கேட்கப் பழகிய பிள்ளை, தன்னைப் பற்றிய பொய்யான தீர்ப்பையும் ஒரு நாள் அதே கேள்வியால் தட்டிக் கேட்கும். ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு பாடவேளையை, பிள்ளைகள் புள்ளிக்கு அஞ்சாமல் கேள்வி கேட்பதற்காக மட்டும் விட்டுக்கொடுங்கள். சங்கத் தலைவர்களே, சம்பளப் பேச்சுவார்த்தையில் மனநலத்துக்கும் ஒரு வரி இருக்கட்டும். தோட்ட வைத்தியசாலைக்குத் தமிழ் பேசும் உளவளத் துணையாளர் வேண்டும் என்று கேளுங்கள். இளைஞர்களே, மனம் கலங்கும்போது இரண்டு பத்தி போட்டு எழுதிப் பாருங்கள்: என் நினைப்பில் நான் சோதிக்க வேண்டியது, என் நிலைமையில் நாங்கள் மாற்ற வேண்டியது. முதல் பத்தியைத் தனியாக நிரப்பலாம். இரண்டாவதை நிரப்ப நாலு பேரைக் கூப்பிடுங்கள்.